கலர் இல்லை, லைட் இல்லை... ஆனாலும் ஜெயித்த கேம் பாய்! யார் இந்த குன்பெய் யோகோய்?

1989-ம் ஆண்டு. அமெரிக்க கடைகளில் கையடக்க வீடியோ கேம் மெஷின்கள் இரண்டு விற்பனைக்கு வருகின்றன. ஒன்றில் கலர் திரை. இருட்டிலும் தெரியும்படி உள்ளே விளக்கு. வேகமான சிப். இன்னொன்றில் பச்சை கலந்த மங்கலான திரை. விளக்கு கிடையாது. இருட்டில் விளையாடவே முடியாது. உள்ளே இருந்ததோ அந்தக் காலத்துக்கே பழசாகிப்போன சிப்.

இரண்டில் எது ஜெயித்திருக்கும்?

மங்கல் திரைதான் ஜெயித்தது. சாதாரண வெற்றி இல்லை. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்தால், உலகம் முழுக்க 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதுதான் நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய்.

குறைந்த விலை கேம் கன்சோல்கள் பற்றிய பேச்சு எப்போது வந்தாலும் இவர் பெயரும் கூடவே வரும். காரணம், மலிவான பாகங்களை வைத்து பெரிய நிறுவனங்களை ஜெயிக்க முடியும் என்று காட்டியவர் இவர். அது எல்லா நேரமும் நடக்காது என்று சொந்தத் தோல்வியில் தெரிந்துகொண்டவரும் இவரே.

சீட்டுக்கட்டு கம்பெனியில் வேலை

யோகோய் 1941 செப்டம்பர் 10-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். 1965-ல் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

நின்டெண்டோ என்றதும் மரியோதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அப்போது அது வீடியோ கேம் கம்பெனியே இல்லை. 1889-ல் ஆரம்பித்த சீட்டுக்கட்டு கம்பெனி. ஹனஃபுடா என்ற ஜப்பானிய சீட்டுகளைத் தயாரித்து விற்று வந்தது. சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் யோகோயின் வேலை. மெஷின் ஒழுங்காக ஓடினால் அவருக்குப் பெரிதாக வேலை இருக்காது.

சும்மா இருந்த நேரத்தில் பொழுதுபோக்காக ஒரு பொம்மை செய்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்த பட்டைகள். கைப்பிடியை அழுத்தினால் பட்டைகள் நீண்டு, எட்டி இருக்கும் பொருளைப் பிடிக்கும். கைப்பிடியை விரித்தால் மறுபடி சுருங்கிவிடும். அவ்வளவுதான்.

தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி கண்ணில் இது பட்டது. வேலை நேரத்தில் விளையாடுகிறாயா என்று திட்டு விழும் என்றுதான் யோகோய் எதிர்பார்த்தார். நடந்தது வேறு. இதையே விற்பனைக்கு ஏற்றபடி செய்து கொடுக்கச் சொன்னார் யமாவுச்சி. 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் அந்தப் பொம்மை வெளிவந்தது. 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

மெஷின் பராமரிப்பு ஊழியர் அன்றிலிருந்து பொம்மை வடிவமைப்பாளர் ஆனார். அடுத்தடுத்து அவர் செய்த பொம்மைகளிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. உதாரணம், 1969-ல் வந்த லவ் டெஸ்டர். இரண்டு பேர் கைகோர்த்து, ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடித்துக்கொண்டால் அவர்களின் காதல் எவ்வளவு என்று முள் காட்டும். உண்மையில் அது அளந்தது உடலில் பாயும் சிறு மின்சாரத்தை. எலக்ட்ரானிக்ஸ் படித்த யாருக்கும் தெரிந்த பழைய விஷயம்தான். ஆனால் கைகோர்க்க ஒரு சாக்கு கிடைக்கிறதே, அதுதான் விளையாட்டு!

ரயிலில் கிடைத்த ஐடியா

1970-களில் ஜப்பானில் கால்குலேட்டர் போர் நடந்துகொண்டிருந்தது. ஷார்ப், கேசியோ நிறுவனங்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்தன. கால்குலேட்டரின் எல்சிடி திரையும் சிப்பும் மலிவாகிக்கொண்டே போயின.

அந்த நேரத்தில் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்தார் யோகோய். அலுவலகம் போகும் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் யோகோய்க்குப் பொறி தட்டியது. கால்குலேட்டர் அளவில், யாருக்கும் தெரியாமல் கையில் மறைத்து விளையாடும் ஒரு கேம் இருந்தால் எப்படி இருக்கும்?

ஐடியாவை மேலிடத்துக்குச் சொல்லும் வாய்ப்பும் எதிர்பாராமல் கிடைத்தது. ஒருநாள் யமாவுச்சியின் கார் ஓட்டுநர் வரவில்லை. காரை யோகோய் ஓட்ட வேண்டியதாயிற்று. போகும் வழியில் இந்த யோசனையை எடுத்துவிட்டார். யமாவுச்சி பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே ஷார்ப் நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் நின்டெண்டோவைத் தேடி வந்தார்கள். கால்குலேட்டர் திரைகளுக்குப் புதிய பயன்பாடு கிடைத்தால் அவர்களுக்கும் லாபம்தானே!

1980 ஏப்ரலில் கேம் அண்ட் வாட்ச் வெளியானது. ஒரு கருவியில் ஒரே ஒரு கேம். விளையாடாத நேரத்தில் கடிகாரம். கால்குலேட்டரில் எண்கள் எரிவதுபோல, முன்கூட்டியே பதித்த உருவங்கள் அங்கங்கே தோன்றி மறையும். உருவம் நகர்வதுபோல நமக்குத் தோன்றும். சட்டைப் பைக்குள் அடங்கும். பட்டன் பேட்டரியில் பல மாதங்கள் ஓடும். 1991 வரை சுமார் 60 மாடல்கள் வந்தன. மொத்தம் 4 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் விற்றது.

1990-களில் நம்மூர் கடைகளில் கிடைத்த பிரிக் கேம் ஞாபகம் இருக்கிறதா? அதன் திரையும் இதே குடும்பம்தான். கட்டம் கட்டமாக எரிந்து அணையும் எல்சிடி.

அந்த கூட்டல் குறி பட்டன்

உலகத்தில் எந்த கேம் கன்ட்ரோலரை எடுத்தாலும் இடது பக்கம் கூட்டல் குறி போல ஒரு பட்டன் இருக்கும். அல்லது அதேபோல நான்கு பட்டன்கள் இருக்கும். இது பிரபலமானதற்கும் யோகோய்தான் காரணம்.

1982-ல் டாங்கி காங் கேமை கேம் அண்ட் வாட்ச்சில் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைகளில் வைக்கும் பெரிய மெஷினில் விளையாடக் குச்சி இருந்தது. ஆனால் இது புத்தகம் போல மடித்துவைக்கும் கருவி. குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் மூடவே முடியாது. யோகோய் குச்சியை எடுத்துவிட்டு, தட்டையான கூட்டல் குறியை வைத்தார். பட்டனைப் பார்க்காமலே எந்தத் திசையை அழுத்துகிறோம் என்று கட்டைவிரலுக்குத் தெரிந்தது.

அடுத்த வருடமே நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் இந்த பட்டனோடு வந்தது. இன்று போனில் விளையாடும்போது தொடுதிரையில் வரையப்பட்டிருக்கும் கூட்டல் குறியும் அதன் வாரிசுதான்.

டாங்கி காங் கேமிலும் யோகோய்க்குப் பங்கு உண்டு. 1981-ல் அதை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ அப்போது இளைஞர். அவருக்கு மேற்பார்வையாளராக இருந்து வழிகாட்டியவர் யோகோய். பின்னாளில் மரியோவாக உலகப் புகழ்பெற்ற கதாபாத்திரம் முதலில் தலைகாட்டியது அந்த கேமில்தான்.

பழைய டெக்னாலஜியை ஏன் பிடித்துக்கொண்டார்?

யோகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. ஜப்பானிய மொழியில் அவர் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது என்று வரும்.

வாடிப்போன தொழில்நுட்பம் என்றால் வேலைக்கு ஆகாதது என்று அர்த்தம் இல்லை. பல வருடம் புழக்கத்தில் இருந்து, கோளாறெல்லாம் சரிசெய்யப்பட்டு, விலையும் இறங்கிவிட்ட ஒன்று. பக்கவாட்டில் யோசிப்பது என்றால், அதை யாரும் நினைக்காத வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவது. கால்குலேட்டர் திரையை கேம் ஆக்கியது இப்படித்தான்.

இந்தக் கொள்கையில் இரண்டு பாதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். மலிவான பாகம் என்பது ஒரு பாதி. புதிய விளையாட்டு அனுபவம் என்பது இன்னொரு பாதி. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது வெறும் மலிவான பொருள்தான்.

கேம் பாய்: சொந்தக் கம்பெனியிலேயே கேலி

1989 ஏப்ரல் 21-ல் ஜப்பானில் கேம் பாய் வெளியானது. விலை 12,500 யென். யோகோயின் குழுவில் இதன் பொறியியல் வேலைகளை முன்னின்று கவனித்தவர் சதோரு ஒகாடா. 8-பிட் சிப். நான்கே நிறச்சாயல்கள். திரை 160-க்கு 144 புள்ளிகள்.

தயாரிப்பில் இருந்தபோது நின்டெண்டோவுக்குள்ளேயே இதற்குப் பெரிய ஆதரவு இல்லை. தேறாத கேம் என்று பொருள்படும் பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். கலர் டிவியில் விளையாடிப் பழகிய பிள்ளைகள் இதை ஏன் வாங்கப் போகிறார்கள் என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் யோகோய் கணக்கு வேறு. கலர் திரை என்றால் பின்னால் விளக்கு வேண்டும். விளக்கு பேட்டரியைக் குடித்துவிடும். பேட்டரி அடிக்கடி தீர்ந்தால் பெற்றோர் வாங்கித்தர மாட்டார்கள். திரையின் விலையும் ஏறும். போட்டி நிறுவனம் ஒன்று கையடக்க கேம் கொண்டுவருகிறது என்று கேள்விப்பட்டபோது அவர் கேட்டறிந்தது ஒன்றுதான், அது கலரா இல்லையா என்று. கலர் என்று தெரிந்ததும் நிம்மதி ஆகிவிட்டார்.

கணக்கு சரியாகவே இருந்தது.

கேம் பாய்: அமெரிக்காவில் சுமார் 90 டாலர். 4 ஏஏ பேட்டரிகள். ஒருமுறை போட்டால் 10 மணி நேரத்துக்கும் மேல் ஓடும்.

அடாரி லிங்க்ஸ் (1989): சுமார் 180 டாலர். கலர் திரை. 6 ஏஏ பேட்டரிகள். நான்கைந்து மணி நேரம்தான்.

சேகா கேம் கியர் (ஜப்பானில் 1990, அமெரிக்காவில் 1991): சுமார் 150 டாலர். கலர் திரை. 6 ஏஏ பேட்டரிகள். இதுவும் சில மணி நேரமே தாங்கும்.

நீண்ட கார் பயணத்தில் பாதி வழியில் செத்துப்போகும் கலர் மெஷினா, ஊர் போய்ச் சேரும் வரை ஓடும் மங்கல் மெஷினா? குடும்பங்கள் இரண்டாவதைத்தான் வாங்கின. கேம் கியர் சுமார் 1 கோடியோடு நின்றது. லிங்க்ஸ் அதைவிட மிகக் குறைவு.

கை கொடுத்த டெட்ரிஸ்

விலையும் பேட்டரியும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கேம் பாய் வாங்கியவர்களுக்குப் பெட்டியிலேயே டெட்ரிஸ் கேம் கிடைத்தது.

டெட்ரிஸை உருவாக்கியவர் சோவியத் யூனியனைச் சேர்ந்த அலெக்ஸி பஜிட்னோவ். கையடக்க மெஷினுக்கான உரிமையை வாங்க, கேம் வெளியீட்டாளரான ஹென்க் ரோஜர்ஸ் 1989-ல் மாஸ்கோவுக்கே போய்ப் பேசினார். விழும் கட்டைகளை அடுக்க கலர் தேவையில்லை. கதை புரிய மொழியும் தேவையில்லை. பையன் வாங்கிய கேம் பாயை அப்பாவும் அம்மாவும் பிடுங்கி விளையாட ஆரம்பித்தார்கள். கேம் பாயில் மட்டும் டெட்ரிஸ் சுமார் 3.5 கோடி பிரதிகள் விற்றது.

சறுக்கிய இடம்

தொட்டதெல்லாம் துலங்கியது என்று கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். 1995-ல் வர்ச்சுவல் பாய் வந்தது.

கண்ணில் பொருத்திப் பார்த்தால் முப்பரிமாணத்தில் தெரியும் கேம் மெஷின். இதிலும் யோகோய் அதே கொள்கையைத்தான் பயன்படுத்தினார். சிவப்பு எல்இடி மலிவு, மின்சாரமும் குறைவாக எடுக்கும். ஒரு வரிசை சிவப்பு எல்இடி, வேகமாக ஆடும் ஒரு கண்ணாடி, இரண்டையும் வைத்து முழுப் படத்தையும் காட்டினார்கள். நீல எல்இடியின் விலை அப்போது கட்டுப்படியாகாது. அதனால் எல்லா கேமும் கறுப்பு பின்னணியில் சிவப்புக் கோடுகள்.

மெஷின் கனமாக இருந்ததால் தலையில் மாட்ட முடியவில்லை. மேஜையில் ஸ்டாண்ட் போட்டு, குனிந்து முகத்தைப் புதைத்துப் பார்க்க வேண்டும். கழுத்து வலித்தது. தலைவலி, கண்வலி புகார்கள் வந்தன. சின்னப் பிள்ளைகள் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. இன்னொரு பக்கம், நின்டெண்டோவின் முழு கவனமும் அடுத்து வரவிருந்த நின்டெண்டோ 64 கன்சோலில் இருந்தது. வர்ச்சுவல் பாயை இன்னும் மெருகேற்ற யோகோய் குழுவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வெறும் 22 கேம்கள். சுமார் 7.7 லட்சம் விற்பனை. ஒரு வருடம் முடிவதற்குள் நின்டெண்டோ அதைக் கைவிட்டது.

பாகங்கள் மலிவுதான். ஐடியாவும் புதுசுதான். ஆனால் ரயிலில் போகும் மனிதரைப் பார்த்து உருவான கேம் அண்ட் வாட்ச் மனிதர்களின் அன்றாடத்தில் சுலபமாக நுழைந்தது. வர்ச்சுவல் பாய்க்கோ மனிதர்கள்தான் குனிய வேண்டியிருந்தது.

31 வருட உறவு முடிந்தது

1996 ஆகஸ்டில் யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகினார். வர்ச்சுவல் பாய் தோல்விக்காக வெளியேற்றப்பட்டார் என்ற பேச்சு உடனே கிளம்பியது. அது உண்மை இல்லை என்று அவரே எழுதி மறுத்தார். ஐம்பதைத் தாண்டியதும் சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவருடைய பழைய திட்டம். தோல்வியோடு கிளம்பக் கூடாது என்பதற்காகச் சற்றுத் தாமதித்து, மெலிதான கேம் பாய் பாக்கெட் மாடலை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதே வருடம் போக்கிமான் கேம் வந்து, ஏழு வயதான கேம் பாய்க்கு மறுவாழ்வு கொடுத்தது. விட்டுப்போனவரின் பழைய மெஷின் மறுபடி கடைகளில் பறந்தது.

யோகோய் கியோட்டோவில் கோட்டோ என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். பொம்மை நிறுவனமான பண்டாயுடன் சேர்ந்து புதிய கையடக்க மெஷினுக்கான வேலையில் இறங்கினார். அதாவது, தன் சொந்தக் குழந்தையான கேம் பாய்க்கே போட்டி!

நெடுஞ்சாலையில் முடிந்த பயணம்

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தில் நெடுஞ்சாலையில் ஒருவர் ஓட்டிய காரில் யோகோய் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன வண்டியில் கார் லேசாக இடித்தது. என்ன சேதம் என்று பார்க்க இறங்கினார். அப்போது பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மீது மோதியது. யோகோய் உயிரிழந்தார். வயது 56.

அவர் வேலை செய்துகொண்டிருந்த மெஷின் 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் ஜப்பானில் வெளியானது. விலை 4,800 யென் மட்டுமே. ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் 30 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கறுப்பு வெள்ளைத் திரைதான். அதோடு வந்த புதிர் கேமுக்கு, அவர் நினைவாக குன்பெய் என்றே பெயர் வைத்தார்கள். சுமார் 35 லட்சம் விற்று ஜப்பானில் ஓரளவு பெயர் எடுத்தாலும், கலருக்கு மாறிவிட்ட கேம் பாய் குடும்பத்தை அதனால் அசைக்க முடியவில்லை. 2003-ல் உற்பத்தி நின்றது.

போன் சிப்பில் ஓடும் கன்சோல்கள் சொல்வது என்ன?

யோகோய் காலத்தில் கால்குலேட்டர் எப்படியோ, நம் காலத்தில் ஸ்மார்ட்போன் அப்படி. கோடிக்கணக்கில் தயாராவதால் போன் சிப்களின் விலை இறங்கியது. அதை வைத்து மலிவாக ஒரு கன்சோல் செய்தால் என்ன?

2012-ல் ஊயா என்ற அமெரிக்க நிறுவனம் இதைத்தான் செய்தது. 99 டாலர் விலை, போனில் இருக்கும் டெக்ரா 3 சிப், ஆண்ட்ராய்டு இயங்குதளம். இணையத்தில் மக்களிடம் திரட்டிய நிதியே 85 லட்சம் டாலரைத் தாண்டியது. கேம்ஸ்டிக், மோஜோ என்று அதே பாணியில் போட்டியாளர்களும் வந்தார்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கதை முடிந்தது என்றுகூடப் பேசப்பட்டது.

ஆனால் 2013-ல் கடைக்கு வந்த ஊயா, 2015-லேயே ரேசர் நிறுவனத்திடம் கைமாறியது. 2019-ல் சேவையே மூடப்பட்டது. காரணம் சிக்கலானது இல்லை. அதில் இருந்த பல கேம்கள் ஏற்கெனவே கையில் இருக்கும் போனிலேயே கிடைத்தன. பிறகு எதற்குத் தனியாக ஒரு பெட்டி?

2017-ல் நின்டெண்டோவும் ஒரு போன் குடும்பச் சிப்பைத்தான் எடுத்தது. ஸ்விட்ச் கன்சோலில் இருந்தது 2015-ல் அறிமுகமான டெக்ரா எக்ஸ் 1 வகை. டேப்லெட்டில் வந்த அதே சிப். போட்டி கன்சோல்களோடு ஒப்பிட்டால் சக்தி குறைவுதான். ஆனால் டிவியில் விளையாடிக்கொண்டிருக்கும் கேமை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம். இதுவரை 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

ஊயாவிடமும் ஸ்விட்ச்சிடமும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே வகைச் சிப். ஒன்று கொள்கையின் முதல் பாதியோடு நின்றுவிட்டது. இன்னொன்று இரண்டாவது பாதியையும் சேர்த்துக்கொண்டது.

புதிய போன், புதிய கன்சோல் என்று எது வந்தாலும் எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி என்றுதான் முதலில் பார்க்கிறோம். ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவரின் கையில் என்ன கருவி என்பதோடு யோகோய் நிற்கவில்லை. அவருக்குப் பொழுது போகவில்லை என்பதையும் கவனித்தார். 11 கோடி கேம் பாய்களும் கிளம்பியது அங்கிருந்துதான்.